டிக்கிக்குள் போன குரல்

சென்ற இதழில் இன்வெர்ட்டர் மின்கலத்திற்கு நீர் ஊற்றும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் ஸ்டெபிலைசரைப் பற்றி எழுதுவதாக வாக்களித்ததும் உண்டு. அவ்வாக்கை ஒரு திங்கள் தள்ளிவைக்க நேர்ந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இடையில் என் சொந்தக் குடும்பத்திலேயே ஒரு சிக்கல் முளைத்துவிட்டது. நம் இல்லங்களில் இளைஞர் உள்ள இடமெல்லாம் இது இன்றோ நாளையோ வரக்கூடிய சிக்கலேயாகும் என்பதால் அதனையே இப்பக்கத்தில் எழுதத் துணிந்தேன்.

என் ராத்தாவின் மகனுக்கு வயது இருபத்து நான்கு. துபாயில் இரண்டாண்டு பணிபுரிந்துவிட்டு விடுமுறையில் வந்தவன் பழைய டிசையர் கார் ஒன்றை வாங்கினான். வாங்கியதற்குச் சொன்ன காரணம் நல்ல காரணமே. என் உம்மாவைத் திங்கள்தோறும் மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம் கரையிலிருந்து வாடகைக்கு வண்டி பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. வாங்கிய மறுவாரமே காரின் டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்று வந்து அமர்ந்தது. அதற்கென்று 300 வாட் ஆம்ப்ளிஃபயர், மரப்பெட்டி, தடித்த சிவப்புக் கம்பி, எல்லாம் வந்தன. செலவு எவ்வளவு என்று ராத்தா கேட்டபோது அவன் சொன்ன தொகையில் பாதிதான் உண்மை என்பது எனக்குப் பின்னர் தெரிந்தது.

முதற் பயணத்திலேயே உம்மா வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "ஏன் வாப்பா, நெஞ்சுக்குள்ள யாரோ உலக்கை போடுற மாதிரி இருக்கே" என்றார்களாம். அவன் ஒலியைக் குறைத்தான். குறைத்தால் பாடலின் சொல் ஒன்றும் விளங்கவில்லை. கூட்டினால் உலக்கை. இரண்டு வாரம் கழித்து அவன் என் வீட்டிற்கு வந்தான். ஆம்ப்ளிஃபயர் பழுதுள்ளது போலும், இதைவிடப் பெரியது ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். எழுந்து போகும்போதுதான், ஏதோ சிறு செய்தி போல, "மாமா, ராத்திரி படுத்தா காதுல ஒரே கூவலா கேக்குது" என்றான்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் வானொலிப் பிரிவுப் பயிற்றுநராகக் காலம் கழித்தவன். ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய கேள்வியை அங்கேயே மறந்தேன். காதில் கூவல் என்ற சொல்லே என்னை எழுப்பி உட்கார வைத்தது. மறுநாள் அஸருக்குப் பின் காரை என் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டைப் பார்த்தவுடன் பாதி விளங்கிவிட்டது. அங்கே நான்கு சிறு திருகுகள் இருந்தன. கெயின் ஏறத்தாழ முழுமையாகத் திருகப்பட்டிருந்தது. பாஸ் பூஸ்ட் முழுமை. எல்.பி.எஃப். என்று எழுதிய திருகு வலக்கோடி, அதாவது 250 ஹெர்ட்ஸ். சப்சோனிக் என்னும் திருகு இடக்கோடி, அதாவது ஏறத்தாழ இல்லாத நிலை. முன்னாலிருந்த ஸ்டீரியோவிலோ கதவு ஸ்பீக்கர்களுக்கான எச்.பி.எஃப். அணைத்தே கிடந்தது. பொருத்திய கடையில், வண்டியை எடுத்துச் செல்பவர் வாய் பிளக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றிவைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதிரவில்லையென்றால் பணம் கொடுத்தவர் திரும்பி வருவார் என்ற அச்சம் அவர்களுக்கு.

இனி இத்திருகுகள் செய்யும் வேலையைச் சற்று விரிவாகக் காண்போம்.

மனிதக் காது கேட்கும் ஒலி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை என்பது பள்ளிப் பாடம். ஒரு நொடிக்கு ஓர் அதிர்வு என்பதே ஒரு ஹெர்ட்ஸ். இவ்வளவு அகன்ற பரப்பை ஒரே ஸ்பீக்கரால் செவ்வனே ஒலிக்க இயலாது. பெரிய கூம்பு மெல்ல அசைந்து கனத்த ஒலியைத் தரும். விரைந்து அசைய அதனால் ஆகாது. சிறிய கூம்பு விரைந்து அசையும். கனத்த ஒலிக்குத் தேவையான காற்றைத் தள்ள அதற்கு வலுவில்லை. ஒரே அளவு ஒலி கேட்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசையும் கதவு ஸ்பீக்கர், 40 ஹெர்ட்ஸில் அதே ஒலிக்கு நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும். ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கர் அங்கேதான் திணறி உடைந்த குரலில் பேசத் தொடங்குகிறது.

ஆகவே வேலையைப் பங்கிட வேண்டும். இன்ன எண்ணிற்குக் கீழே உள்ளவை சப்வூஃபருக்கு, மேலே உள்ளவை கதவு ஸ்பீக்கருக்கு என்று ஓர் எல்லை வகுக்கும் ஏற்பாடே கிராஸ்ஓவர். கீழே உள்ளவற்றை மட்டும் விடுவது லோ பாஸ் ஃபில்டர், சுருக்கமாக எல்.பி.எஃப். மேலே உள்ளவற்றை மட்டும் விடுவது ஹை பாஸ் ஃபில்டர், எச்.பி.எஃப். இரண்டும் சேர்ந்தால்தான் பங்கீடு முழுமையாகும். பலர் முதலாவதை மட்டும் திருகிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கதவு ஸ்பீக்கர் தன்னால் ஆகாத பாரத்தையும் சுமந்துகொண்டே கிடக்கிறது.

இந்த எல்லை ஒரு மதிற்சுவர் போன்றதன்று, ஒரு சரிவு போன்றது. 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் 81-ஆவது ஹெர்ட்ஸில் ஒலி நின்றுவிடுவதில்லை. பெரும்பாலான ஃபில்டர்களில் 80-இல் ஒலியின் ஆற்றல் பாதியாகும். அதன் பின் சிறுகச் சிறுகத் தேயும். எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதைச் சரிவு என்கிறோம். அதிர்வெண் இரட்டிப்பாவதை ஓர் ஆக்டேவ் என்பர். ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவு என்றால், 80-இல் எல்லை வைத்த ஃபில்டரின் வழியே 160 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மின்னழுத்தத்தோடு வெளியேறும். 24 டெசிபல் சரிவு என்றால் பதினாறில் ஒரு பங்கே. இந்தக் கணக்குகளுக்கு வழிகாட்டியவர் பட்டர்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1930-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவ்வகை ஃபில்டர்களை விளக்கினார். லின்க்விட்ஸ், ரைலி என்னும் இருவர் 1976-இல் வகுத்த மற்றொரு முறையில் எல்லைப் புள்ளியில் மின்னழுத்தமே பாதியாகிறது. இரு பக்கமும் சேரும்போது ஒலி மேடு கட்டாமல் சமமாக நிற்பது அதன் சிறப்பு. விலை உயர்ந்த கருவிகளில் இவ்விரு பெயர்களும் தெரிவு செய்யும் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும்.

சரி, எல்லை 250-இல் இருந்தால் என்ன குடி முழுகிவிட்டது? இதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆணின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். பெண்ணின் குரல் ஏறத்தாழ 165 முதல் 255 வரை. எல்.பி.எஃப். 250-இல் நின்றால், பாடுகிறவரின் குரலில் அடிப்பாகம் முழுவதும் டிக்கிக்குள் போய்விடுகிறது. உதடும் நாக்கும் உண்டாக்கும் எழுத்தொலிகள் கதவிலிருந்து வருகின்றன. தொண்டையின் கனம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஒரு மனிதரை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முன்னாலும் ஒரு பாதியைப் பின்னாலும் உட்கார வைத்தது போலத்தான். மருமகன் அன்று போட்டுக் காட்டியது நாகூர் ஹனிபா அவர்களின் பழைய ஒலிப்பதிவு. 2015-இல் மறைந்த அப்பெரியாரின் குரல் நம் வீட்டார் எவருக்கும் மனப்பாடம். எத்தனை பெரிய மேடையிலும் தெளிந்து நிற்கும் அந்தக் கம்பீரம், இந்தக் காரில் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் கேட்டது.

இதைவிடக் கேடு ஒன்றுண்டு. கனத்த ஒலி மெல்லிய ஒலியை மறைக்கும். மெல்லிய ஒலி கனத்த ஒலியை அவ்வளவாக மறைப்பதில்லை. 1924-இலேயே வெகல், லேன் என்னும் ஆய்வாளர்கள் இருவர் இதனை அளந்து எழுதினர். எனவே தாழ்ந்த ஒலி தேவைக்கு மேல் பெருகினால் சொற்கள் மூழ்கும். சொற்களைக் கேட்க வேண்டி ஓட்டுநர் என்ன செய்வார்? மொத்த ஒலியையும் கூட்டுவார். கூட்டினால் தாழ்ந்த ஒலியும் கூடும். மேலும் கூட்டுவார். காதுக்குத் தீங்கு செய்வதில் தாழ்ந்த ஒலியைக் காட்டிலும் நடு, மேல் ஒலிகளே வல்லவை. மருமகனின் காதுக் கூவலுக்கு வழி இதுதான் என்று எனக்குப் பட்டது. அலைபேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து, அவன் வழக்கமாகக் கேட்கும் அளவில் ஓட்டுநர் இருக்கையில் பிடித்தேன். 94 டெசிபல் காட்டியது. அலைபேசி துல்லியமான கருவியன்று. தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். ஆயினும் இது போதுமான எச்சரிக்கை.

உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால் நேரம் பாதியாக வேண்டும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி, 92-க்கு இரண்டரை மணி, 95-க்கு ஒன்றேகால் மணி. இது ஒரு வாரக் கணக்கு. எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பினால் அந்த ஒரே நாளில் வாரத்துப் பங்கு தீர்ந்து கடனும் ஏறிவிடும். இதை நான் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் அவன் முகம் மாறியது.

வேலையைத் தொடங்கினோம். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே டிக்கியிலுள்ள இணைப்புகளில் கை வைக்க வேண்டும். சிவப்புக் கம்பிக்கு மின்கலத்திற்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இருந்தது. அது ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் மட்டும் இருந்தால், இடையில் கம்பி உரசித் தேய்ந்த நாளில் கார் தீப்பற்றும்.

முதலில் பூஸ்ட் திருகை முற்றிலும் இறக்கினேன். மருமகன் "அதுதான மாமா முக்கியம்" என்றான். அது தரும் 12 டெசிபல் என்பது ஆற்றலில் 16 மடங்கு. 20 வாட் போதும் என்றிருந்த இடத்தில் 320 வாட் கேட்கும். 300 வாட் கருவி அதைத் தர முடியாமல் அலையின் தலையை வெட்டித் தரும். வெட்டுண்ட அலை ஸ்பீக்கரின் கம்பிச்சுருளைச் சுட்டெரிக்கும். பழுது என்று அவன் நினைத்த கரகரப்பு இதுவே. ஸ்டீரியோவில் இருந்த லவுட்னெஸ், ஈக்வலைசர் ஆகியவற்றையும் சமநிலைக்குக் கொண்டுவந்தோம். மெல்லிய ஒலியில் கேட்கும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்குக் குறைவாகவே எட்டும் என்பது 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் ஆகியோர் காட்டிய உண்மை. லவுட்னெஸ் பொத்தான் அதற்காகவே பிறந்தது. ஆனால் அளவு சரிசெய்யும் வேளையில் அது குறுக்கே நிற்கக்கூடாது.

அடுத்துச் சப்வூஃபரின் கம்பியைக் கழற்றிவிட்டுக் கதவு ஸ்பீக்கர்களை மட்டும் பாட வைத்தோம். ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் குரல் உடைந்தது. பின் ஸ்டீரியோவில் எச்.பி.எஃப்.-ஐ 80 ஹெர்ட்ஸ், 12 டெசிபல் என்று வைத்தோம். அதே இடத்தைத் தாண்டியும் குரல் உடையாமல் நின்றது. பளுவை இறக்கிவைத்த கூலியாள் நிமிர்ந்து நடப்பது போல. பல ஸ்டீரியோக்களில் 63, 80, 100, 125 என்று படிகள் இருக்கும். ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 80 நல்ல தொடக்கம். நான்கு அங்குலம் போன்ற சிறியவற்றிற்கு 100 முதல் 120 வரை போகலாம். ஸ்டீரியோவில் இந்த வசதியே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 4 ஓம் ஸ்பீக்கரோடு தொடராக 470 மைக்ரோஃபாரட் அளவுள்ள, முனைப்பற்ற மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை தேயும். 330 என்றால் 120. சரிவு 6 டெசிபல்தான், எனினும் ஒன்றுமில்லாததற்கு மேல். முனைப்புள்ள சாதாரண மின்தேக்கியை வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

இப்போது சப்வூஃபரின் பக்கம். எல்.பி.எஃப். திருகின் இடக்கோடியில் 50, வலக்கோடியில் 250 என்று அச்சிட்டிருந்தது. நடுவில் 80 எங்கே? அச்சை நம்பிக் கண்ணால் வைப்பது குருட்டடியே. 40, 50, 80, 160 ஹெர்ட்ஸ் என்று தனித்தனிச் சோதனை ஒலிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டோம். சப்வூஃபர் கழற்றப்பட்டே இருக்க, ஆம்ப்ளிஃபயரின் வெளிமுனையில் மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்தோம். 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மீட்டர் 10 வோல்ட் காட்டும்வரை ஸ்டீரியோவின் ஒலியைக் கூட்டினோம். பின்பு 80 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, மீட்டர் ஏறத்தாழ 7 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எல்.பி.எஃப். திருகை இடப்பக்கம் திருப்பினோம். அந்த இடமே 80. திருப்பிய பின் 40-ஐ மறுபடி போட்டு, 10 சற்றே குறைந்திருந்ததால் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தோம். சரிபார்ப்பதற்காக 160-ஐப் போட்டபோது இரண்டரை வோல்ட் வந்தது. நான்கில் ஒரு பங்கு. பயிற்சி நிலையத்தில் எத்தனையோ முறை செய்த கணக்கு என்றாலும், என் வீட்டு வாசலில் அந்த எண் வந்து நின்றபோது எனக்குச் சிறு மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பல ஸ்டீரியோக்களிலும் சப்வூஃபருக்கென்று தனி எல்.பி.எஃப். இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறது. இரண்டையும் 80-இல் வைத்தால் சரிவுகள் கூடி, எல்லையும் கீழே நழுவும். 80-க்கும் கதவு ஸ்பீக்கருக்கும் இடையே பள்ளம் விழும். ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்தி, மற்றதை அணைக்கவோ உச்சத்தில் விடவோ வேண்டும். ஸ்டீரியோவில் எண்கள் திட்டமாக இருந்தால் அதனையே பயன்படுத்துவது எளிது. மருமகனின் ஸ்டீரியோவில் அவ்வசதி இல்லாததால் மேற்சொன்ன மீட்டர் வேலை தேவைப்பட்டது.

சப்சோனிக் திருகு துளையிட்ட பெட்டிக்கு இன்றியமையாதது. துளைப்பெட்டிக்கு என்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் துளையே ஒலியைத் தரும், கூம்பு ஏறத்தாழ அசையாமல் நிற்கும். அதற்கும் கீழே போனால் பெட்டியின் காற்று கூம்பைத் தாங்காது. ஒலி வராமலே கூம்பு வெளியே பாயும், ஒரு நாள் கிழியும். பெட்டி செய்தவரிடம் கேட்டால் எண்ணைச் சொல்லக்கூடும். எங்களுக்குக் கேட்க ஆளில்லை. ஆதலால் சப்வூஃபரை இணைத்து, மெல்லிய ஒலியில் 45 முதல் ஒவ்வொரு ஹெர்ட்ஸாகக் குறைத்து வந்தோம். கூம்பின் மீது விரல் நுனியை வைத்துக்கொண்டிருந்த மருமகன் 36-இல் "நின்னுட்டு மாமா" என்றான். சப்சோனிக்கை 30-க்கு அருகில் வைத்தோம். முற்றிலும் மூடிய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இத்தனை கவலை இல்லை.

கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகு என்றே ஊரில் எல்லோரும் எண்ணுகிறார்கள். அது ஸ்டீரியோ தரும் மின்னழுத்தத்திற்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. 300 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 1200. அதன் வர்க்கமூலம் 34.6. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்கில் வைத்து, முழு வீச்சிலுள்ள 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டால் மீட்டர் 34.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இது மேல்வரம்பு. அங்கே கொண்டுபோய் நிறுத்தியே தீர வேண்டும் என்பதில்லை. நாங்கள் 20 வோல்ட்டில் நிறுத்தினோம். அது 100 வாட். சிறு காருக்குள் அது போதும். ஏனெனில் காரின் உள்ளறை தானாகவே தாழ்ந்த ஒலியைப் பெருக்கித் தரும். அலையின் பாதி நீளம் அறையின் நீளத்தை விஞ்சிய பிறகு ஒலி பரவுவதை விட்டுக் காற்றை அமுக்கத் தொடங்குகிறது. இரண்டரை மீட்டர் அறைக்கு இது ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸில் தொடங்கும். வீட்டுக் கூடத்தில் சாதுவாக இருக்கும் அதே பெட்டி காருக்குள் உலக்கையாவது இதனாலேயே.

எஞ்சியது ஃபேஸ் என்னும் சிறு பொத்தான். 0, 180 என்று இரண்டே நிலை. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர். டிக்கியிலிருந்து ஓட்டுநருக்கு வரும் ஒலியும் கதவிலிருந்து வரும் ஒலியும் வெவ்வேறு தூரம் கடந்து வருவதால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டுக்கொண்டே ஒருவரைக் கொண்டு பொத்தானை மாற்றச் செய்ய வேண்டும். ஒலி எந்த நிலையில் நிறைந்து கேட்கிறதோ அதுவே சரி. எங்களுக்கு 180-இல் நிறைந்தது. காசு செலவில்லாத பொத்தான். ஆயினும் எவரும் தொடுவதில்லை.

பிறகு ஹனிபா அவர்களின் அதே பதிவைப் போட்டோம். குரல் முன்கண்ணாடியின் ஓரத்திற்கு வந்துவிட்டது. தப்ஸின் அடி மட்டும் கீழே கனமாக விழுந்தது. அது பின்னாலிருந்து வருவதாகவே தோன்றவில்லை. அலையின் நீளம் தலையின் அகலத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாக இருக்கும்போது, அது வரும் திசையைக் காதால் பிரித்தறிய இயல்வதில்லை. மருமகன் ஐயம் தீராமல் எல்.பி.எஃப்.-ஐ மீண்டும் 120-க்குக் கொண்டுபோனான். குரல் எழுந்து பின்னிருக்கைக்குப் போயிற்று. 80-க்குத் திருப்பினான், முன்னால் வந்தது. இப்படி நான்கைந்து முறை. சிறுவன் விளக்கை ஏற்றி அணைத்துப் பார்ப்பது போல. கடைசியில் என் காதுக்கு 70-க்கு அருகில் இன்னும் நன்றாக இருப்பதாகப் பட்டது. அவனுக்கு 80-தான் பிடித்தது. கார் அவனுடையது.

சொற்கள் முன்போலவே விளங்கும் அளவிற்கு ஒலியை வைத்து மீண்டும் அலைபேசியால் அளந்தோம். 82.

பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கும் பேச்சு அத்துடன் நின்றது. காதைப் பற்றிய பேச்சை நான் நிறுத்தவில்லை. மதுரையில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அவனையும் காட்டச் செய்தேன். செவிச்சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸுக்கு அருகே சிறு பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. இரைச்சலால் தாக்குண்ட காதில் முதலில் பள்ளம் விழும் இடம் அதுதான். சில வாரம் ஓய்வு கொடுத்து மீண்டும் பார்ப்போம், நரம்பு உயிரணு செத்திருந்தால் மீளாது, களைத்திருந்தால் மீளும் என்று மருத்துவர் கூறினாராம். கூவல் முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்கிறான். ஆனால் இல்லை என்று இன்னும் சொல்லவில்லை.

சென்ற சனிக்கிழமை மதுரைப் பயணத்தில் நானும் உடன் சென்றேன். டிக்கிக்கு நேர் முன்னே, பின்னிருக்கையில் உம்மா அமர்ந்திருந்தார்கள். பரமக்குடி வருவதற்கு முன்னரே உறங்கிவிட்டார்கள். ஒலியை இன்னும் சற்றுக் குறைக்கலாமா என்று மருமகன் கண்ணாடி வழியே பார்த்துக் கேட்டான். வீடு திரும்பிய பின் டிக்கியைத் திறந்து பார்த்தேன். பூஸ்ட் திருகின் மேல் ஒரு துண்டு கறுப்பு நாடாவை ஒட்டி வைத்திருக்கிறான். மறு செவிச்சோதனைக்கு அடுத்த திங்கள் நாள் குறித்திருக்கிறது.

ஸ்டெபிலைசரைப் பற்றி அடுத்த இதழில்.